கும்பகோணத்துக்குப் போய்க் காவிரியைப் பார்க்காமல் வந்தவன்

கும்பகோணத்துக்குப் பத்துத் தடவையாவது போயிருப்பேன். எல்லாம் கல்யாணம், சீமந்தம், அறுபதாம் கல்யாணம் என்று மண்டப வாசலில் இறங்கி, மண்டப வாசலிலேயே வண்டி ஏறிய பயணங்கள். நடுவில் ஒரு முறை நவக்கிரகச் சுற்றுலா. விடிவதற்கு முன் வேனில் ஏற்றினார்கள், ராத்திரி இறக்கிவிட்டார்கள். ஒன்பது கோயிலில் எது எங்கே இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் அம்மா ஒரே கேள்வியைக் கேட்பாள். "காவிரியில குளிச்சியாடா?" அம்மாவுக்கு மாயவரம் பக்கம். ஆறு என்றால் அவளுக்குக் காவிரி ஒன்றுதான். கல்யாணமாகி வந்து நாற்பது வருஷம் கோவையில் இருந்தும் நொய்யலை வாய்க்கால் என்றுதான் சொல்கிறாள். குளிப்பது இருக்கட்டும், நான் கும்பகோணத்தில் காவிரியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. போன வருஷம் வெறுமனே நடப்பதற்காக மட்டும் அந்த ஊருக்கு இரண்டு தடவை போனேன். ஒன்று மே மாதம், ஒன்று புரட்டாசி. முதல் பயணத்தில் செய்ய முடிந்த தப்பையெல்லாம் செய்தேன்.

முதல் தப்பு, ரயில். கோவையிலிருந்து மயிலாடுதுறை போகும் ஜன சதாப்தி சௌகரியமான வண்டிதான், ஆனால் கும்பகோணத்தில் நண்பகல் தாண்டித்தான் இறக்கிவிடும். பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் திறக்க நாலு மணி ஆகும். மே மாத வெயிலில், முதுகில் பையோடு, சாத்திய கதவுகளைப் பார்த்துக்கொண்டே மகாமகக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். நாலு மணிக்குக் கும்பேஸ்வரன் கோயில் திறந்ததும் உள்ளே போய்விட்டேன். பகல் முழுக்கக் காய்ந்த கருங்கல் தளம் நாலு மணிக்கும் அடுப்புக் கல்லாகத்தான் இருந்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்த பட்டை போட்டிருந்தால் அதன் மேலேயே நடக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் நிழலை ஒட்டி நடக்க வேண்டும். நான் எதிர்வெயிலில் பிராகாரத்தின் குறுக்கே ஓடினேன். அப்புறம் இரண்டு நாள் உள்ளங்கால் எரிச்சல்.

இன்னொன்று, காலணி. நீண்ட நடை என்று நல்ல லேஸ் ஷூ போட்டுக்கொண்டு போயிருந்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு கோயில் வரும் ஊரில் லேஸ் ஷூ போட்டவனைப் போல முட்டாள் கிடையாது. கழற்றிக் கட்டிக் கழற்றியே ஒரு மணி நேரம் போயிருக்கும். உதறினால் கழன்று விழும் சாதாரணச் செருப்புதான் இந்த ஊருக்குச் சரி.

மறுநாள் காலையில் ஆற்றைத் தேடிப் போனேன். போனில் வரைபடம் நீலக் கோடு காட்டியது. கும்பகோணம் வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து காவிரிக்கு வடக்கு நோக்கி நடந்தால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். வழி தவறவே முடியாது என்று நினைத்தேன். போன் சொன்ன சந்தில் நுழைந்தேன். சந்து குறுகியது, இன்னும் குறுகியது, ஒரு கொல்லையில் முடிந்தது. கட்டியிருந்த பசு என்னைப் பார்த்தது. மாட்டுக்குப் பின்னால் சாணி தட்டிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு வேணும்?"

"ஆத்துக்குப் போகணும் பாட்டி."

"ஆறு அந்தப் பக்கந்தான். ஆனா இது எங்க கொல்லையில்ல! படித்துறை எங்கேன்னு கேளு தம்பி. ஆறுன்னு கேட்டா யார் வழி சொல்லுவா?"

அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான ஒரே பாடம் இதுதான். கரை நெடுக வீடுகளின் கொல்லைப்புறம் ஆற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறது. நடுநடுவே தெருவிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் வாய்தான் படித்துறை. பகவத் படித்துறை, சக்கரப் படித்துறை, டபீர் படித்துறை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. பெயரைச் சொல்லிக் கேட்டால் பூக்கட்டும் பெண்மணி முதல் பெட்டிக்கடைக்காரர் வரை கை நீட்டி வழி காட்டுகிறார்கள்.

பாட்டி சொன்ன வழியில் போய் ஒரு படித்துறையில் நின்றேன். படிகள் இறங்கிக் கொண்டே போய் மணலில் முடிந்தன. கீழே பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். லாங் ஆனில் ஒரு எருமை. அம்மாவிடம் போனில் சொன்னேன், தண்ணியே இல்லை என்று. "மே மாசத்துல எவனாவது காவிரிக்குப் போவானா?" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அணையில் இருப்பு இல்லாத வருஷம் திறப்பும் தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி டெல்டாவுக்கு வந்து சேர மேலும் சில நாள் ஆகும். ஆற்றைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் டிக்கெட் போடுவதற்கு முன் பேப்பரில் மேட்டூர்ச் செய்தியைப் படியுங்கள்.

இரண்டாம் தடவை புரட்டாசி, மகாளய பட்சம். சனிக்கிழமையை வேண்டுமென்றே தவிர்த்தேன். புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாள் கோயில் பக்கம் நடக்கப் போவது, தீபாவளிக்கு முதல் நாள் கடைத்தெருவில் காற்று வாங்கப் போகிற மாதிரி. முந்தின ராத்திரியே வந்து மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கி, விடிகாலை ஐந்தரைக்குக் கீழே இறங்கினேன். பையில் தண்ணீர் பாட்டில், துண்டு, குடை, இவ்வளவுதான்.

வெயிலில் எரிச்சலோடு சுற்றிய அதே குளம், விடிகாலையில் வேறு இடமாக இருந்தது. சுற்றிலும் பதினாறு சிறு மண்டபங்கள், தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டியவை. குளத்துக்குள்ளே இருபது தீர்த்தக் கிணறுகள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாசி மகத்தன்று இந்த இடத்தில் கால் வைக்க இடமிருக்காது. போன மகாமகம் 2016 பிப்ரவரியில் நடந்தது, அடுத்தது 2028. நான் போன அன்று படியில் மூன்று பேர் நடைப்பயிற்சி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் தூங்கியது.

நாகேஸ்வரன் கோயிலுக்கு நடை திறக்கும்போதே போய்விடுங்கள். மற்ற கோயில்களின் பெருமை உயரத்திலும் அகலத்திலும் இருக்கிறது. இதன் பெருமை கருவறையின் வெளிச்சுவரில், நம் கண் மட்டத்தில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்பார்கள். மேற்கே அர்த்தநாரி, வடக்கே பிரம்மா. அவர்களுக்கு இடையிலுள்ள மாடங்களில் யாரென்று பெயர் தெரியாத ஆண்களும் பெண்களும், கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு. அரசனா, அரசியா, பக்தர்களா, ஆளுக்கொரு கருத்து. ஒரு பெண் தலையை லேசாகச் சாய்த்து, சுவரை விட்டு இறங்கி வரப்போகிறவளைப் போல நிற்கிறாள். சித்திரை 11, 12, 13 தேதிகளில் காலை வெயில் நேராக லிங்கத்தின் மேல் விழும் என்று கூட்டம் கூடும். சிற்பம் பார்க்கிறவர்களுக்கு அந்த மூன்று நாள் தவிர எந்தக் காலையும் நல்ல காலைதான். அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

காபி. தமிழ்நாட்டு நெடுஞ்சாலை முழுக்கக் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டும், பித்தளை டவரா டம்ளரும். கும்பகோணத்தில் அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் காபி பேப்பர் கப்பில் வந்தது! நல்ல காபிதான், அதில் குறை இல்லை. இட்லிக்குக் கடப்பா கேட்டேன், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டுச் செய்வது. "இன்னிக்கு இல்லீங்க" என்றார்கள். எல்லா நாளும் போட மாட்டார்கள், முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ராமசாமி கோயில். பதினேழாம் நூற்றாண்டு நாயக்கர் வேலை. முன்மண்டபத் தூண் ஒவ்வொன்றும் ஒரே கல்லில் ஆள் உயரச் சிற்பம். எல்லோரும் அங்கே நின்று போட்டோ எடுத்துவிட்டு, ராமரையும் சீதையையும், வீணையோடு இருக்கும் அனுமாரையும் சேவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நானும் கிளம்பத்தான் இருந்தேன். பிராகாரத்தில் ஒரு பெரியவர் சுவரையே பார்த்தபடி மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தார். அருகே போய்ப் பார்த்தேன். பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம் ஓவியமாக வரிசை வரிசையாக எழுதியிருக்கிறது.

"மூணு சுத்து சுத்தினாத்தான் கதை முடியும்" என்றார். "நான் இப்ப ரெண்டாவது சுத்துல இருக்கேன். நீங்க மொதல்லேருந்து வாங்க, பாதியில சேந்தா புரியாது."

முதலிலிருந்து வந்தேன். கழுத்து வலிக்கிறது, மங்கிய இடங்களில் யார் யாரென்று தெரியவில்லை. ஆனாலும் நடந்துதான் படிக்க முடியும் என்று ஒரு புத்தகத்தைச் சுவரில் எழுதி வைத்தவனின் யோசனையை மெச்சாமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் சுற்றுக்கு நான் வந்தபோது பெரியவர் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். கும்பகோணம் கொழுந்து வெற்றிலை, நரம்பு கிள்ளக்கூட வேண்டியதில்லை, அவ்வளவு மெல்லிசு.

கோயில் சாத்தும் பன்னிரண்டிலிருந்து நாலு வரையான நேரத்தை மே மாதத்தில் வீணாக்கியிருந்தேன். இந்த முறை அதற்கென்றே இரண்டு வேலை வைத்திருந்தேன். ஒன்று, சாப்பாடு முடித்து சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வீடு. அவர் பிறந்தது ஈரோட்டில், வளர்ந்தது இங்கே. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அந்த வீட்டை வாங்கி நினைவில்லமாக வைத்திருக்கிறது. ஓட்டு வீடு, சின்னத் திண்ணை, உள்ளே தெருவைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு கட்டில். ஐந்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம். நான் ஜன்னல் பக்கமாக நின்று தெருவைப் பார்த்தேன். சாரங்கபாணி கோயில் கோபுரம் பதினொரு நிலையோடு தெருவின் கோடியில் நிற்கிறது. மனதில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும் பையனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கோபுரம் இன்னொரு விதத்திலும் உதவும். ஊரில் எந்தச் சந்தில் மாட்டிக்கொண்டாலும் கொஞ்சம் திறந்த இடத்துக்கு வந்து அதைத் தேடுங்கள், திசை தெரிந்துவிடும். போனை விட நம்பகம்.

இரண்டாவது, பாத்திரக் கடை. பித்தளையும் வெண்கலமும் எடைக்கு விற்கிறார்கள். தராசில் வைக்கும் வரை விலையை மனதில் போடாதீர்கள், கையில் தூக்கும்போது தெரியாத கனம் பில்லில் தெரியும். மே மாதத்தில் முதல் நாளே ஒரு உருளி வாங்கி, இரண்டு நாள் அதைச் சுமந்து அலைந்தேன். இந்த முறை ஒரு சின்னச் செம்பு மட்டும் பார்த்து வைத்து, "நாளைக்கு ஊருக்குக் கிளம்பும்போது வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்றார் கடைக்காரர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மாலையில் சாரங்கபாணி. கருவறையே தேர் வடிவம், கல்லில் சக்கரம், குதிரை, யானை. மே மாதத்தில் வடக்குப் பக்க வாசல் வழியாக ஏறிப்போனது நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது அது சாத்தியிருந்தது. சரி, வழியை மறந்துவிட்டோம் என்று நினைத்தேன். பட்டாச்சாரியார் சிரித்தார். "தை பொறந்தா அது திறக்கும். இப்போ தக்ஷிணாயனம், தெற்கால வாங்கோ." சூரியன் திசை மாறினால் வாசலும் மாறுகிற ஊர். இரண்டு பருவத்தில் வராவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

அங்கிருந்து வடக்கே சக்கரபாணி கோயில், அதையும் தாண்டி வடக்கே படித்துறை. ராமசாமி கோயிலையும் சக்கரபாணி கோயிலையும் இணைத்துக் கோவிந்த தீட்சிதர் காலத்தில் போட்ட கடைவீதிதான் இன்றைய சின்னக் கடைத்தெரு என்கிறார்கள். ஸ்கூட்டர் ஹாரனுக்கு நடுவே அதைக் கடந்து, நாலைந்து நிமிஷத்தில் தெரு சட்டென்று தாழ்ந்தது. சத்தம் குறைந்தது. படி. படிக்குக் கீழே தண்ணீர்.

திருச்சியில் காவிரியைப் பார்த்தவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அகலம் இல்லை. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து வெள்ளத்தை வடக்கே கொண்டுபோய்விடுகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதற்கப்புறமும் கிளை கிளையாகப் பங்கு கொடுத்து, மிச்சம்தான் இங்கே வருகிறது. ஆனால் வீட்டுக் கொல்லை ஆற்றில் முடிகிற அளவுக்கு ஊர் கரையோடு ஒட்டி உட்கார முடிந்ததும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. செம்மண் நிறத்தில், அவசரமில்லாமல், ஒரு வாழைமட்டையை இழுத்துக்கொண்டு ஆறு போயிற்று. மே மாதத்தில் கிரிக்கெட் ஆடிய மணல் எங்கே என்றே தெரியவில்லை. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். கொசு எழுப்பிவிட்டது.

மறுநாள் விடியும் முன் பகவத் படித்துறைக்குப் போனேன். மகாளய பட்சம் என்பதால் அந்நேரத்துக்கே தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் இருந்தது. எள், தர்ப்பை, ஈரவேட்டி, சாஸ்திரிகளின் வேகமான குரல். இந்த நேரத்தில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்; அப்பாவுக்குத் தண்ணீர் விடுகிறவன் முகத்தைப் படம் பிடிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கொஞ்சம் தள்ளி இறங்கினேன். மூன்று படி முழுகியிருந்தது. நாலாவதில் கால் வைக்கப் போனபோது துணி துவைத்துக்கொண்டிருந்தவர் சத்தம் போட்டார்: "சார், அது பாசி! இங்கயே உக்காந்து முழுகுங்க, இழுப்பு இருக்கு." மேலே தண்ணீர் எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பது கரையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மேலாக அமைதியாகத் தெரியும் தண்ணீர் கணுக்காலில் எப்படி இழுக்கிறது என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மூன்று முழுக்கு. செம்பு இன்னும் கடையில் இருந்ததால் காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் கரைப் பக்கமாகவே நடந்தேன். பாலக்கரையில் 2004 ஜூலை 16 பள்ளித் தீ விபத்தில் இறந்த 94 குழந்தைகளின் நினைவிடம் இருக்கிறது. அங்கிருந்து நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கால் மட்டும்தான் நடந்தது.

அரசு கலைக் கல்லூரி காவிரிக் கரையிலேயே இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1880இல் இங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தார். அந்த வருஷமே, இந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் படித்த நூல்களின் பட்டியலைக் கேட்டுவிட்டு, "சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்ற மாதிரி ஒரு கேள்வி போட்டதும், அது சீவக சிந்தாமணிப் பதிப்பில் போய் முடிந்ததும் தெரிந்த கதை. பதிப்பு வந்தது 1887. ராமானுஜன் பிறந்ததும் 1887. பின்னால் அவர் இதே கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதையெல்லாம் விட்டுவிட்டு உதவித்தொகையை இழந்தார். ஒரு கல்லூரி வாசலில் நின்று இந்த இரண்டு கதையையும் சேர்த்து நினைக்கும்போது சிரிப்பும் வருகிறது, என்னவோ மாதிரியும் இருக்கிறது.

கால் நன்றாகத்தான் இருக்கிறதே என்ற தெம்பில் தாராசுரத்துக்கும் நடந்தே போனேன். நாலு கிலோமீட்டர்தான், ஆனால் தஞ்சாவூர் சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடப்பதில் ஒரு சுகமும் இல்லை. டவுன் பஸ்ஸில் போங்கள். ஐராவதேசுவரர் கோயிலைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் முடியாது. சுவாமிமலைக்கும் பஸ்தான். அங்கே ஒரு பட்டறையில், மெழுகுப் பொம்மையின் மேல் ஸ்தபதி வண்டல் மண்ணைப் பூசிக்கொண்டிருந்தார். காவிரி வண்டல். தொட்டுப் பார்க்கச் சொன்னார், விபூதி மாதிரி வழுக்கியது. "மூக்கு நுனி, விரல் நகம் எல்லாம் அச்சுல அப்படியே விழணும்னா இந்த மண்ணுதான்" என்றார்.

சாயங்காலம் கடைக்குப் போய்ச் செம்பை வாங்கினேன். சொன்னபடி வந்துவிட்டதில் கடைக்காரருக்கு ஆச்சரியம், ஒரு கரண்டியை இனாமாகச் சேர்த்துக் கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பதற்கு முன்னாலேயே பாட்டிலை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கலங்கல். ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தாள். காலையில் பார்த்தால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் ஒரு விரல் கனத்துக்கு வழவழவென்று வண்டல். தெளிந்ததைப் புதுச் செம்பில் ஊற்றி சாமி அலமாரியில் வைத்தாள். வண்டலைத் தண்ணீர் விட்டு அலசி, துளி விடாமல், துளசித் தொட்டியில் கவிழ்த்தாள்.

"குளிச்சியா?"

"குளிச்சேன்."

"எந்தப் படித்துறை?"